4, 5 வகுப்புக்கு வருடம் முழுக்க ஒரே கருப்பொருள்: எப்படித் திட்டமிடுவது?

சந்தைமேட்டு டீச்சர் கேட்டது:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேனுங்க. ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். 4-ம் 5-ம் என் பொறுப்பு. இரண்டும் சேர்த்து 23 பிள்ளைகள், ஒரே அறை.

ரொம்ப நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழில் ஒரு பாடம், மணி அடித்ததும் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் அறிவியலில் ஒன்று, சாப்பிட்டு வந்ததும் சமூக அறிவியலில் வேறொன்று. பிள்ளைகள் பையில் புத்தகத்தை மாற்றுவதுபோல மனசையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். போன ஏப்ரலில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் "இந்த வருஷம் என்ன கண்ணு படிச்சே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மூணு பருவம் படிச்சேன் டீச்சர்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவளுக்கு நினைவில் நின்றது அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் வருகிற ஜூனிலிருந்து ஒரே கருப்பொருளை எடுத்து ஐந்து பாடத்தையும் அதைச் சுற்றி நடத்தலாம் என்று ஆசை. நீர், விண்வெளி, காடு, உணவு என்று பட்டியல் போட்டுக் கடைசியில் விண்வெளியைத் தேர்ந்தெடுத்தேன். பத்து மாதம், ஐந்து பாடம் என்று 50 கட்டம் வரைந்தேன். 31 கட்டம் நிரம்பியது. மீதியை நிரப்ப உட்கார்ந்தால் எல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. தமிழுக்கு எத்தனை மாதம் நிலாப் பாட்டே பாடுவது?

புத்தகம் முடிந்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்தக் கருப்பொருள், பருவப் பாடநூலோடு எப்படி ஒட்டுவது, இரண்டு வகுப்பை எப்படிப் பிரிப்பது, இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆறு பேரை என்ன செய்வது?

---

மலைக்கோட்டை சார் எழுதியது:

நல்ல எண்ணம் டீச்சர். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். 2023-24-ல் அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான "எண்ணும் எழுத்தும்" 4, 5-க்கும் வந்ததிலிருந்து ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், செயலியில் மதிப்பீடு என்று எங்களுக்கே மூச்சு விட நேரமில்லை. வருடம் முழுக்க என்று இறங்கினால் ஆகஸ்டிலேயே கைவிட வேண்டி வரும். வாரத்துக்கு ஒரு மதியத்தை மட்டும் ஒதுக்குங்கள். அதுவே நடந்தால் பெரிய காரியம்.

---

கரைமேடு (சிவகங்கை) எழுதியது:

டீச்சர், முதல் வேலையாக அந்த 50 கட்டத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். நானும் அதே கட்டம் போட்டவள். என்னுடையது ஈராசிரியர் பள்ளிதான், 4, 5 சேர்த்து 19 பேர்.

முதல் வருடம் நான் எடுத்த கருப்பொருள் "தண்ணீர்". ஜூனில் மழைப் பாட்டு, ஜூலையில் நீர்ச்சுழற்சி சார்ட், ஆகஸ்டில் நீர் மாசுபாடு, சுவர் முழுக்க நீலநிறம். செப்டம்பரில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் தண்ணியா டீச்சர்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. "தண்ணீர்" என்பதற்கு ஊரில் ஓர் இடம் கிடையாது. அது ஜூனிலும் அதே தண்ணீர், டிசம்பரிலும் அதே தண்ணீர். நான் பேசிக்கொண்டே இருந்தேன், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பார்ப்பதற்கும் தொடுவதற்கும் நான் ஒன்றும் கொடுக்கவில்லை. உங்கள் விண்வெளிக்கும் இதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன்.

அடுத்த வருடம் "நம்ம ஊர்க் கண்மாய்" என்று மாற்றினேன். ஏரி, குளம் என்பார்களே, அதைத்தான் எங்கள் பக்கம் கண்மாய் என்போம். பள்ளியிலிருந்து கரைக்கு ஆறு நிமிட நடை. திட்டமிடும்போது பாடநூலை முதலில் திறக்கவில்லை. மே கடைசியில், எங்கள் கண்மாயில் மடை திறந்து விடுகிற நீர்ப்பாய்ச்சி ஐயாவிடம் போய் ஒரே கேள்விதான் கேட்டேன்: ஆனியிலிருந்து பங்குனி வரைக்கும் இந்தக் கண்மாயில என்னென்ன நடக்கும்? ஒரு மணி நேரம் சொன்னார். பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மாதவாரியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். புரட்டாசி வரைக்கும் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உள்பக்கம்) காய்ந்து கிடக்கும், வண்டல் அள்ளுவார்கள், தண்ணீர் வருகிற வரத்துக்கால் வெட்டுவார்கள். ஐப்பசியில் மழை பிடித்துத் தண்ணீர் வரும். நல்ல வருடமாக இருந்தால் கார்த்திகையில் கலுங்கு பாயும், அதாவது நிறைந்து மிகுந்த தண்ணீர் வழிந்து போகும். மார்கழி தையில் பறவை. அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும்போது ஊரே கூடி மீன்பிடி.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. 2012-13-ல் வந்த முப்பருவ முறையும் எங்கள் கண்மாயும் ஒரே அளவில் வெட்டினதுபோல இருக்கிறது. முதல் பருவம் வறண்ட கண்மாய், இரண்டாம் பருவம் நிறைகிற கண்மாய், மூன்றாம் பருவம் வற்றுகிற கண்மாய். தமிழ்நாட்டு மழையில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது சரியாக இரண்டாம் பருவம். வருடத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புத்தகங்களைத் திறந்தேன்.

ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாடம்தான் கண்மாயோடு இயல்பாக ஒட்டியது. அவற்றை மட்டும் அந்தந்த மாதத்துக்கு முன்பின் நகர்த்தினேன். ஒரு பருவப் பாடத்தை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. மீதிப் பாடங்களை எப்போதும்போல நடத்தினேன். எல்லாப் பாடமும் எல்லா வாரமும் கருப்பொருளோடு ஒட்டவேண்டும் என்ற எண்ணத்தை விட்ட அன்றைக்குத்தான் எனக்குச் சுமை இறங்கியது. வகுத்தலை கண்மாய்க்குள் வைத்துச் சொல்லித்தர முடியாது டீச்சர், அதற்குத் தனியே உட்கார்ந்து போட்டுப் பழக வேண்டும். கணக்குக்கு தினம் 40 நிமிடம், வாசிப்புக்கு 40 நிமிடம், இரண்டிலும் நான் கைவைக்கவில்லை.

எப்படி இருந்தது என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

ஜூலையில் காய்ந்த உள்வாய்க்குள் இறங்கினோம். வீட்டில் எல்லாரும் சென்ட், ஏக்கர் என்று பேசுகிறார்கள், ஒரு சென்ட் எவ்வளவு என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 21 அடிக்கு 21 அடி என்றால் 441, கிட்டத்தட்ட வந்துவிடும். கயிற்றில் முடிச்சுப் போட்டு, நாலு குச்சி ஊன்றி, சதுரம் கட்டினோம். 19 பேரும் அதற்குள் போய் நின்றார்கள். "இது மாதிரி நூறு சேர்ந்தா ஒரு ஏக்கர்" என்றேன். ஒருத்தி கரையைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நம்ம கண்மாய்க்கு எத்தனை நூறு டீச்சர்?" என்றாள். பரப்பளவுப் பாடத்தை நான் அன்றைக்குத் தொடங்கவே தேவையில்லாமல் போயிற்று, அவர்களே தொடங்கிவிட்டார்கள்.

அங்கேயே மூன்று இடத்து மண்ணை எடுத்து வந்து கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் அடியில் மணல், அதன்மேல் வண்டல், மேலே களிமண். மடைக்கு அருகில் எடுத்ததில் களி தடிமனாக நின்றது. மானாமதுரையில் கடமும் பானையும் செய்ய ஏன் கண்மாய் மண்ணைத் தேடுகிறார்கள் என்பதை அந்தப் பாட்டிலை வைத்தே பேசினோம்.

அக்டோபரில் மழைமானி. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான். தோள்பகுதிக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல்போலச் செருகவேண்டும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே தவறு வரும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதற்குமேல் மில்லிமீட்டர் அளவுத்தாளை ஒட்டினால் போதும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பூஜ்யத்துக்கே கொண்டுவர வேண்டும். 4-ம் வகுப்பு அளந்து பதிவேட்டில் எழுதும், 5-ம் வகுப்பு அதை வைத்துக் கணக்குப் போடும். இரண்டு வகுப்பையும் வருடம் முழுக்க இப்படித்தான் பிரித்தேன்: பொருள் ஒன்று, வேலை வேறு.

ஒரு நாள் 34 மில்லிமீட்டர் பெய்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் வகுப்பறை மொட்டைமாடி 9 மீட்டருக்கு 6 மீட்டர், 54 சதுர மீட்டர். 34-ஐ 54-ஆல் பெருக்கி 1,836 லிட்டர் என்று கொண்டுவந்தார்கள். பள்ளியில் இருப்பது 500 லிட்டர் தொட்டி. மூன்று தொட்டி நிரம்பி நாலாவதும் பாதிக்கு மேல் வந்திருக்கும், அவ்வளவும் ஒரு ராத்திரியில் மாடியிலிருந்து வழிந்து போய்விட்டது. அதைச் சொன்னபோது வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தமிழுக்கு ஊர்ப்பெயர். பேருந்தில் எழுதியிருக்கிற பெயர்களை எழுதி வரச் சொன்னேன். முத்தனேந்தல், வேதியரேந்தல் என்று வந்தது. ஏந்தல் என்றாலும் நீர்நிலைதான் என்றதும், குளம், ஊருணி, தாங்கல் என்று முடிகிற பெயர்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வேடந்தாங்கலில் பறவை ஏன் வருகிறது என்ற கேள்வி பெயரிலிருந்தே வந்தது.

ஜனவரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு என்று சத்திமுத்தப் புலவர் பாடிய பாட்டை நான் இரண்டு தரம் வேறு வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன், பொருள் எழுதிப்போட்டு. இந்தத் தடவை பொங்கலுக்கு வந்த பனங்கிழங்கை அவித்துக் கொண்டுபோனேன். ஆளுக்கு ஒன்று. உரித்து, நடுவில் இரண்டாகப் பிளந்து, நுனி சேர்ந்திருக்கும்படி பிடிக்கச் சொன்னேன். கண்மாயில் நாரை நிற்கிறது, கையில் அலகு இருக்கிறது. பாட்டை நான் விளக்கவே இல்லை. ஒருவன் மட்டும், நத்தை குத்தி நாரைக்கு இது பொருந்தாது, அதன் அலகில் நடுவிலே சந்து இருக்கும் என்றான். பார்த்து வைத்திருக்கிறான்! தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எழுதுவது, அவ்வளவுதான். பிள்ளைகள் லீவிலும் கரைக்குப் போய் எண்ணினார்கள், வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களைக் கேட்டீர்கள். எண்ணும் எழுத்தில் சொல்கிற அரும்பு நிலையில், அதாவது தொடக்க நிலையில், எனக்கு ஐந்து பேர். கருப்பொருளால் வாசிப்பு வந்துவிடாது. தனி நேரம், தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் படிக்கக் கொடுப்பதற்கு நல்ல வாக்கியம் கிடைக்கும். மீன்பிடி முடிந்த மறுநாள் ஒருவன், "எங்கப்பா ஊத்தால ரெண்டு விரால் புடிச்சாரு" என்றான். ஊத்தா என்பது மீன் பிடிக்கிற கூடை. அவன் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தேன். அவன் வாயால் சொன்ன வாக்கியம், அதனால் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கடைசிவரை போனான். அன்று சாயங்காலம் அட்டையை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒட்டாதவையும் உண்டு. ஆங்கிலத்துக்குக் கண்மாய் பெரிதாக உதவவில்லை. படத்துக்குப் பெயர் எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். கீழடியையும் சேருங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். எங்கள் மாவட்டம்தான், 2023-ல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. ஆனால் அது தனியாக ஒரு வருடத்துக்கு உரியது, இதற்குள் அரைகுறையாகத் திணிக்க மனம் வரவில்லை.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் வந்த பிறகு கரைக்குக் கீழே ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, போகும்போதெல்லாம் பெற்றோர் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். இன்னொன்று, பாடக்குறிப்பில் "கண்மாய்" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். கண்மாயை எடுத்த முதல் வருடம் ஆய்வுக்கு வந்தவர் "பாடம் எங்கே?" என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கற்றல் விளைவை எழுதி, பாடநூல் பக்க எண்ணை எழுதி, அதற்குக் கீழேதான் கண்மாய்ச் செயல்பாடு. மலைக்கோட்டை சார் சொல்கிற நேரப் பிரச்சினை உண்மைதான். நான் வெளியே போவது பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மட்டும். மீதியெல்லாம் வகுப்பறையில் நடக்கிற வழக்கமான பாட நேரம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளியிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகிற தூரத்தில், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருப்பது என்ன இருக்கிறது?

---

ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா இருவருக்கும் வணக்கம். நான் சிறுவனாக ஆதாரப் பள்ளியில் படித்தவன். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு காந்தியடிகளின் ஆதாரக் கல்வி வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு தொடர்புபடுத்துவது. எங்களுக்கு நூற்பு. ஆளுக்கு ஒரு தக்ளி, கையால் சுற்றி நூல் நூற்கும் கதிர். நூற்ற நூலை எண்ணுவது கணக்கு, பருத்தி விளைகிற மண் பூகோளம், அந்நியத் துணியால் நெசவுக்கு வந்த கேடு சரித்திரம்.

இதில் இரண்டு விதமான ஆசிரியர்களிடமும் படித்தேன். ஒருவர் தக்ளி ஏன் சுற்றுகிறது, பஞ்சு ஏன் முறுக்கேறினால் அறுவதில்லை என்று கையில் வைத்தே காட்டுவார். இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னொருவர் எதை எடுத்தாலும் பருத்தியில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவார். ஆசிய கண்டம் நடத்தினாலும் பருத்தி, செய்யுள் நடத்தினாலும் பருத்தி. எங்களுக்குப் பருத்தி மேலேயே வெறுப்பு வந்தது. ஆதலால் கரைமேட்டு அம்மா "ஒட்டாததை விட்டுவிட்டேன்" என்று எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நூற்ற நூல் நெசவுக்குப் போய்த் துண்டாகத் திரும்பி வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு போன பெருமை இருக்கிறதே! பிள்ளைகள் செய்வது நோட்டுக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. யாருக்காவது பயன்பட வேண்டும்.

---

கரைமேடு (சிவகங்கை) எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது இல்லையா, அதில் எங்கள் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் மழைப் பதிவேட்டை வாசித்தார்கள். ஐப்பசியில் இவ்வளவு, கார்த்திகையில் இவ்வளவு, எந்த நாளில் கலுங்கு பாய்ந்தது என்று. விவசாயி ஒருவர் எழுந்து தன் கணக்கும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று தேதியைத் திருப்பிக் கேட்டார். அந்தப் பிள்ளை பக்கத்தைப் புரட்டிப் பதில் சொன்னாள்.

---

சந்தைமேட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. கரைமேடு டீச்சர் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக மனசில் வைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் திங்கட்கிழமைச் சந்தை. மூன்று வருடமாக அந்தச் சத்தம் பாடத்துக்கு இடைஞ்சல் என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்! பிள்ளைகளில் ஏழு பேரின் அப்பா அம்மா அங்கேதான் கடை போடுகிறார்கள். ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், அவர்களுக்கும் சந்தை தெரியும்.

விண்வெளியை விட்டுவிட்டேன். காலண்டர் அட்டை எடுத்துக்கொண்டு சந்தையில் ரொம்ப வருடமாகக் காய்க்கடை போடுகிற பாட்டியிடம் போகப் போகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கண்மாய்க்கு வறண்டது, நிறைவது, வற்றுவது என்று ஓர் ஓட்டம் இருக்கிறது. சந்தைக்கு அப்படி ஒன்று உண்டா? வாரா வாரம் ஒரே மாதிரி அல்லவா தெரிகிறது?

---

கரைமேடு (சிவகங்கை) எழுதியது:

உண்டு டீச்சர், உங்கள் ஊரில் மஞ்சள் இருக்கிறதே. ஜூனில் பள்ளி திறக்கும்போது நட்டால் மாசி பங்குனியில் வெட்டு. ஒன்பது மாதம், உங்கள் மூன்று பருவத்துக்குள் அடங்கிவிடும். பத்துச் சாக்குப்பையில் நடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இலை நீளம் அளக்கட்டும். செடியின் இலையும் தண்டும் காய்ந்தால் வெட்டும் காலம். வெட்டினதை அவித்துக் காயவைத்தால் எடை எவ்வளவு இறங்குகிறது என்று தராசில் பார்க்கலாம். இடித்த தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் தடவி, சோப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சொட்டு விடுங்கள், எது சிவக்கிறது என்று பார்க்கட்டும். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பு என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். ஐயா சொன்னதுபோல, அந்தத் தூளைப் பொட்டலம் கட்டி அதே சந்தையில் பிள்ளைகளே விற்கட்டும்.

சந்தையும் ஒரே மாதிரி இருக்காது. தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், மூன்றுக்கு மட்டும் திங்கட்கிழமைதோறும் கிலோ விலை எழுதுங்கள். மார்கழியில் முருங்கைக்காய் விலை எங்கே நிற்கிறது, அப்போது மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அந்த ஒடிசாப் பிள்ளைகளுக்காக ஒன்று. சந்தைக்குப் போகும்போது பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுங்கள். பின்பக்கம் மொழிப் பட்டையில் 15 மொழி இருக்கும், இந்தி ஆங்கிலத்தோடு 17. அதில் ஒடியா எது என்று அவர்கள் வீட்டில் கேட்டு வந்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது.

விதை மஞ்சளை நடும் முன்னால் பைவாரியாக எடை போட்டு எழுதி வையுங்கள். நட்ட பிறகு நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.